1013 உன் முறை

இன்று காலை வண்ணார்பேட்டை நெரிசலில் எங்கள் பேருந்துக்கு முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி நின்றது. பிரேக் கருகும் வாடை ஜன்னல் வழியே வந்தது. அதன் கதவில் ஏழு இலக்க எண் ஒன்று. நம்முடையது அல்ல. ஆனாலும் அதன்பிறகு என்னால் உட்கார முடியவில்லை. என் நிறுத்தத்துக்கு முன்பே இறங்கி நடந்தேன்.

நம்முடையது 20,37,143. நாங்குநேரியிலிருந்து நாம் கல்லூரிக்குப் போய்வந்த காலத்தில், இதேபோல் வழிமறித்த ஒரு லாரியின் கதவில் நீ பிடித்த எண். மூன்றில் முடிகிறது, இரண்டாலும் ஐந்தாலும் வகுபடாது. இலக்கங்களைக் கூட்டினால் இருபது, மூன்றாலும் வகுபடாது. பகா எண்தான் என்றேன்.

"இல்லட்டி, இது ஒடையும். எங்கனயோ ஒளிஞ்சு கெடக்கு. பந்தயமா?"

நடத்துநர் எட்டிப் பார்த்தார். "என்ன தாயீ, அந்தப் பெட்டிய வெலைக்கு வாங்கப் போறியளா?"

"இல்ல அண்ணாச்சி, ஒடைக்கப் போறோம்" என்றாய். மனிதர் பின்படிக்கு நகர்ந்துவிட்டார்.

அலைபேசியில் பார்க்கக் கூடாது. ஒரு பயணத்துக்கு ஒரு பகா எண், மாறி மாறி, டிக்கெட்டின் பின்புறத்தில் வகுக்க வேண்டும். அதன் வர்க்கமூலம், ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் வரை உடையாவிட்டால் நான் ஜெயித்தேன். 997 வரை வந்தோம். அது உன் முறை; மீதி வந்தது.

"ஒன் எண்ணுக்குத் திமிரப் பாத்தியா?"

"என் எண்ணா? நீதான பிடிச்ச!"

அந்த வாரம் காய்ச்சல் என்று படுத்தாய். எழவில்லை.

எத்தனையோ முறை அந்த எண்ணை அலைபேசியில் தட்டி, தேடாமல் அழித்திருக்கிறேன். நொடியில் தெரிந்துவிடும், பிறகு நமக்குள் முடியாமல் கிடப்பது எதுவும் இருக்காது. தெரியாமலும் இருக்க முடியவில்லை.

இன்று ஒரு கடை நிழலில் நின்று டிக்கெட்டைத் திருப்பினேன். 1009 என் முறை. மீதி 981. அடுத்தது 1013. அது உன்னுடையது. பேனாவை மூடிவிட்டு நடந்தேன். திரும்பி அதே நிழலுக்கு வந்தேன். உன் பங்கை எடுத்துத் தின்பதுபோல் இருந்தது. வகுத்தேன்.

மீதி இல்லை. ஈவு 2011, அதுவும் பகா எண்.

நீ ஜெயித்துவிட்டாய், அதுவும் உன் முறையில். அந்த எண்ணை விட்டுவிட்டு மற்றக் காரணிகளைக் கூட்டினேன்: 1, 1013, 2011. வருவது 3025. எண்ணைவிட எவ்வளவோ சிறியது. ஆகவே நம்முடையது குறை எண். ஆனால் 3025 ஐம்பத்தைந்தின் வர்க்கம்! கேட்டிருந்தால் ஓடும் பேருந்தில் எழுந்து நின்றிருப்பாய். அந்தத் தெருவில் நான் யாரைப் பிடித்துச் சொல்வது?

தோற்றவள்தான் அடுத்த எண்ணைத் தேட வேண்டும். மாலைப் பேருந்தில் லாரிகளையே பார்த்துக்கொண்டு வந்தேன். இரட்டைப்படை வேண்டாம், ஐந்தில் முடிவது வேண்டாம். ஒன்று கிடைத்தது. மூன்றால் வகுத்துப் பார்த்துவிட்டேன். ஏழிடம் வந்து நிற்கிறேன்.