தோல் பையிலிருந்து ஊற்றிய தண்ணீர்

காவலூர்ச் சாலைக்குத் தார் போடுகிறார்கள், பாய். காலையிலிருந்து அந்த வாடை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. வெளியே எட்டிப் பார்த்தால், உச்சி வெயிலில் ஒரு பெண் ஜல்லிக் கூடையோடு தள்ளாடிக்கொண்டிருந்தாள். அவளை நிழலில் உட்காரவைத்து, மோர் கொடுத்து, அவள் மேஸ்திரியை நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். நீங்கள் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

மலைக்கு முதன்முதலாக ரோடு வெட்டியபோதும் இதே கத்திரி வெயில்தான். வாணியம்பாடியிலிருந்து வந்த மேஸ்திரி நீங்கள். கல் உடைக்கிற கூலிகள் நாங்கள். ஊர்த் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்தோம். காப்புக் கட்டினால் தோல் பட்ட தண்ணீரைத் தொடமாட்டோம். காண்ட்ராக்டர் அனுப்பியதோ தோல் பைத் தண்ணீர். பக்கத்துச் சுனையும் வற்றிக் கிடந்தது. "குடிங்கம்மா, செத்துப் போய்டுவீங்க" என்று கெஞ்சினீர்கள். ஒருவரும் அசையவில்லை. அதிலும் என் வீட்டுக்காரர் இருக்கிறாரே, வீம்புக்கென்றே பிறந்தவர், பையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

உச்சிப்பொழுதில் சம்மட்டியைப் போட்டுவிட்டு ஏதேதோ உளறினார். தொட்டால் உடம்பு கொதித்தது. பொட்டு வியர்வை இல்லை. அப்படியே சாய்ந்தார். நீங்கள் அவரை மர நிழலுக்கு இழுத்துப் போய், பையை எடுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தீர்கள்.

"இன்னாம்மா பாக்குற? ஊத்தட்டுமா?"

"காப்பு கட்டியிருக்குதே, பாய்."

"சாமி கேட்டா, பாய்தான் ஊத்தினான்னு சொல்லு. பழி எம்மேல கெடக்கட்டும்."

ஊற்றுங்கள் என்றேன். தலையிலும் மார்பிலும் ஊற்றி, துண்டால் விசிறிக்கொண்டே இருந்தீர்கள். அவர் காலைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். இந்த மனுஷன் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. கண் திறந்து, பேச்சுத் தெளிந்தபிறகு அதே பையிலிருந்து குடிக்கவும் வைத்தீர்கள்.

அதற்குள் காண்ட்ராக்டர் ஜீப்பில் வந்துவிட்டார். "யாரக் கேட்டுய்யா வேலைய நிறுத்தின?"

"விழுந்தவனக் கேட்டேன், சார். வெயில் தாழ்ந்தப்புறம் செய்வோம்."

அன்றே உங்களைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள். மண்பானைத் தண்ணீரும் உச்சியில் ஓய்வும் கிடைக்கும்வரை நாங்கள் சம்மட்டியைத் தொடவில்லை. இரண்டும் கிடைத்தன. நீங்கள்தான் அங்கே இல்லை.

காப்பைக் கெடுத்த ஆள் என்று என் வீட்டுக்காரர் உங்களோடு பேச்சையே விட்டுவிட்டார். சந்தையில் உங்களைக் கண்டால் ஒதுங்கிப் போவார். எனக்கு மானம் போகும். நீங்களோ சிரித்துக்கொண்டு, "நல்லா நடந்து போறாரு பாரு. அது போதும்மா" என்பீர்கள்.

உங்கள் சாவுச் செய்தி வந்ததும் அவர் விறுவிறுவென்று மலை இறங்கினார். நான் பின்னாலேயே ஓடினேன். உங்கள் வீட்டில் அத்தனை கூட்டத்துக்கு நடுவே உங்கள் மகன் முன்னால் போய் நின்று, "தண்ணி குடுங்க, தம்பி" என்றார். நின்றபடியே சொம்புத் தண்ணீரையும் குடித்தார். அப்புறம்தான் அழுதார்.

வீடு வந்ததும், கஞ்சியில் உப்பில்லை என்று கத்தினார், நானும் விடவில்லை. இன்று காலையிலும் சண்டைதான். இத்தனை வருஷச் சண்டையும் நீங்கள் எனக்குக் கொடுத்தது, பாய்.