மெமரி கிடைக்காவிட்டால்

ஜூன் 9, திங்கள்
கத்திரி முடிந்தும் வெயில் குறையவில்லை. அண்ணனூரில் ரயில் வெகுநேரம் நின்றது.

கூட வேலை பார்க்கும் தினேஷ் எழுதிய புரோகிராம் கோடு, என் ரெவ்யூவுக்கு வந்தது. சி மொழி. கேஸ் கசிந்தால் அலறும் பெட்டிக்கானது. முதல் பெட்டி போவது எங்கள் தொழிற்பேட்டையிலேயே, பெயின்ட் அடித்த சாமான்களைக் கேஸ் அடுப்பில் சுட்டுக் காயவைக்கும் பட்டறைக்கு. அவன் அப்பா வேலை பார்க்கும் இடம். பெருமை தாங்கவில்லை அவனுக்கு.

புரோகிராம் மெமரி கேட்கும் இடமெல்லாம், கிடைத்ததா என்று செக் வைத்திருக்கிறான். வாங்கியதைத் திருப்பியும் கொடுத்திருக்கிறான். குறையே இல்லை. ஆனாலும் ஏதோ உறுத்துகிறது.

வாங்க: உளுந்து, பினாயில்.

ஜூன் 10, செவ்வாய்
உறுத்தியது இதுதான். அலாரம் அடிக்கும் ஃபங்ஷன், அதாவது புரோகிராமின் அந்தத் துண்டு, முதலில் கொஞ்சம் மெமரி கேட்கிறது. கிடைக்காவிட்டால் வேலையைச் செய்யாமலே திரும்பிவிடுகிறது. புரோகிராம் விழாது, சரி. அலாரம்?

தினேஷிடம் கேட்டேன். "இன்னாக்கா, நீங்க சொன்ன மாரிதான செக் வச்சிக்கீறேன்? இல்லாங்காட்டி மொத்தமா படுத்துக்கும்."

அதுவும் நியாயம்தான். ஆனால் படுத்தாலாவது பெட்டி தானாக மறுபடி ஆன் ஆகும், மெமரி கிடைக்கும், அலாரமும் அடிக்கும். அப்படியென்றால் செக் இல்லாமலிருப்பதே மேலா? இத்தனை வருஷம் எல்லாரிடமும் செக் வை, செக் வை என்றேனே. தலை சுற்றுகிறது.

மானேஜர்: "ரூல்படி எல்லாம் இருக்குல்ல மேடம்? ஓகே குடுங்க, நாளைக்குப் பெட்டி போகணும்." கொடுக்கவில்லை. மறுக்கவும் இல்லை.

உளுந்து மறந்தாச்சு.

ஜூன் 11, புதன்
மேசையிலேயே சோதனை. மெமரி கிடைக்காதபடி செய்து வைத்தேன். தினேஷ் சிகரெட் லைட்டரைப் பற்றவைக்காமல் சென்சார் பக்கத்தில் பிடித்து அழுத்தினான். மூக்கில் ஏறும் அளவுக்குக் கேஸ். பெட்டி வாயைத் திறக்கவில்லை. எல்லாம் நலம் என்று பச்சை விளக்கு எரிந்தது.

"இன்னாக்கா இது, சும்மா கீது?" மறுபடி அழுத்தினான். மறுபடி. பார்க்கவே பாவமாக இருந்தது.

மதியம் மானேஜர் தானே ஓகே போட்டுவிட்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும். தினேஷ்தான் எழுந்தான்.

"சார், அந்தக் கோட நான் வாபஸ் வாங்கிக்கினேன்."

"யாரைக் கேட்டுப்பா?"

"அடுப்பாண்ட எங்க நைனா நிக்கிறாரு சார்."

பெட்டி இன்று வராது என்று பட்டறைக்குச் சொல்ல, மானேஜர் போனைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

மாற்றி எழுத உட்கார்ந்தோம். அலாரத்துக்கு வேண்டிய மெமரியை ஆன் ஆகும்போதே எடுத்து வைத்துக்கொள்வது, பிறகு கேட்பதே இல்லை. ஆனால் ஆன் ஆகும்போதே கிடைக்காவிட்டால்? எனக்கு மறுபடி குழப்பம்.

தினேஷ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அப்போ பச்ச வெளக்கே எரியக் கூடாதுக்கா."