ஓரத்தில் இருந்தவரின் முகம்

மாசி 9, ஞாயிறு
காலையில் தூறல். கிண்ணியாவில் கலியாணம், படம் எடுக்கப் போனேன். அகலமாகப் பிடிக்கும் புது வைட் லென்ஸுக்கு முதல் வேலை. விலை குறைந்ததுதான். முற்றம் சின்னது, அத்தனை பேரையும் அடக்க வேறு வழியில்லை.

குடும்பப் படத்தில் மணப்பெண் பரீனாவின் வாப்பா நடுவில் இருக்க மாட்டேன் என்றார் என்னிடம். "பிள்ளையள் நடுவில இருக்கட்டும் மகள். எனக்கு ஓரம் போதும்." கதிரையை இழுத்துக்கொண்டு ஓரத்தில் போய் இருந்தார்.

அறைக்கு வந்து கணினியில் பார்த்தால் படத்தில் பந்தல் கம்பு வில்லாக வளைந்திருக்கிறது. ஓரத்து முகங்கள் அகலம். கம்பை நிமிர்த்தினேன். முகங்கள் இன்னும் அகன்றன.

இரவுக்குப் பாண், சம்பல். படுக்கை.

மாசி 19, புதன்
வெயில். துறைமுகத்தில் கப்பல் ஊதுகிறது. பரீனா அழைத்தாள். வாப்பா மௌத்து. நித்திரையிலேயே உயிர் போயிருக்கிறது. படம் எடுக்கவே விடாத மனிதராம். இருப்பது அடையாள அட்டையும் என் படமும்தான்.

"அட்டையில இளந்தாரி, அக்கா. உங்கட படத்தில இருக்கிறது எங்கட வாப்பா இல்லை."

வரச் சொன்னேன். அறையைக் கூட்டினேன். அம்மாவின் செத்த வீட்டுக்குப் பிறகு இந்தப் படியில் யாரும் ஏறவில்லை.

மாசி 21, வெள்ளி
வந்தாள். கதிரை ஒன்றுதான், அவளுக்கு. நான் கட்டிலில். வாப்பாவின் முகத்தை மட்டும் பிரித்து, பக்கவாட்டில் மெல்ல மெல்ல ஒடுக்கினேன்.

"இன்னும்."

"இப்ப?"

"கூடிட்டுது. வாப்பாக்கு கன்னம் இருந்தது அக்கா. இஞ்ச ஒரு குழி."

திரும்பத் திரும்ப. இடையில் கதை. கோழிகளுக்குப் பெயர் வைப்பாராம். கூப்பிட்டால் ஒன்றும் வராதாம். சிரித்தாள், அழுதாள். கேட்காமலே நானும் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். நிறையச் சொல்லிவிட்டேன் போல.

திடீரென்று என் கையைப் பிடித்தாள். "இதோட நிப்பாட்டுங்க. ஓம். இதுதான் வாப்பா."

பிரதி எடுத்துக் கொடுத்தேன். பஸ்ஸுக்குப் போனாள். ஜன்னலில் நின்றேன், அவள் குடை மறையும் வரை.

மாசி 23, ஞாயிறு
காற்று. வேலை இல்லை. நேற்று முழுக்க மீன்காரரோடு மட்டும் கதை, அதுவும் விலை பற்றி.

கமராவை முக்காலித் தாங்கியில் வைத்து என்னையே எடுத்தேன். நட்டநடுவில். முகம் சரிதானா தெரியவில்லை. கேட்க ஆள்?

கடைசியில் பரீனாவுக்கே அனுப்பினேன். "இது நான் மாதிரி இருக்கா?"

பதில்: "இல்லை அக்கா. கதைக்கிற நேரம் நீங்கள் வேற மாதிரி."