நம் இன்ஜின் சாகவில்லை

அன்புள்ள உங்களுக்கு,

நானும் மகளும் சுகம். நீங்களும் சுகமாக இருங்கள். கோபப்படுவதாக இருந்தால் கடிதத்தை முழுதாகப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

டிராக்டரை விற்கச் சம்மதம் என்று உங்கள் தம்பிக்கு எழுதியிருக்கிறீர்கள். நான் விற்கவிடவில்லை. சனிக்கிழமை அவர் வாங்க ஆள் கூட்டிக்கொண்டு வந்தார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு துணி துவைக்கப் போய்விட்டேன்.

அதற்கு முந்தின நாள்தான் மெக்கானிக் வந்து கம்பிரஷன் பார்த்தார். நாலு சிலிண்டர்லயும் அழுத்தம் இல்ல, இன்ஜின் கதை முடிஞ்சுது அண்ணி என்றார் கொழுந்தனார். நான் பக்கத்தில்தானே நின்றேன். பாதி செத்த பேட்டரியில் இன்ஜின் முக்கி முக்கிச் சுற்றியது. அப்படிச் சுற்றினால் புது இன்ஜின்கூட அழுத்தம் காட்டாது. சொன்னேன். நீங்க அடுப்பைப் பாருங்க அண்ணி என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிறன்று பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்தேன். மெக்கானிக்கின் மனைவியிடம் அவருடைய மீட்டரைக் கேட்டு வாங்கினேன். ஜெயிச்சா முதல்ல எனக்குச் சொல்லுங்கக்கா என்றாள். இன்ஜெக்டர்களைக் கழற்றி, மகள் சாவியைத் திருக, ஒவ்வொரு சிலிண்டராக அளந்தேன். ஒன்றும் நான்கும் நானூறு காட்டின, அது நல்ல அழுத்தம். இரண்டும் மூன்றும் இருநூறைத் தாண்டவில்லை. அவற்றில் துளி எண்ணெய் விட்டுப் பார்த்தேன், அப்போதும் ஏறவில்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் எண்ணெய் இடுக்கை அடைத்து அழுத்தம் ஏறியிருக்கும். அடுத்தடுத்த இரண்டும் ஒன்றாகப் படுத்தால் நடுவில் ஹெட் கேஸ்கெட், அந்த அடைப்புத் தகடு, போயிருக்கும் என்று கல்யாணமான புதிதில் சொன்னது நீங்கள்தான். மறந்துவிட்டீர்கள் போல.

மெக்கானிக்கையே கூப்பிட்டு இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைத் தூக்கச் சொன்னேன். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே கேஸ்கெட் கரிந்து கிடந்தது. அவர் தலையைச் சொறிந்தார். கொழுந்தனார் டீ கூடக் குடிக்காமல் போனார். புது கேஸ்கெட் போட்டாயிற்று. நேற்று கிழக்கு வயல் முழுவதையும் நானே உழுதேன்.

உழும்போது ஒன்று தோன்றியது. நீங்கள் கடைசியாக ஊருக்கு வந்து மூன்று வருடமாகிறது. டிராக்டரும் போய்விட்டால், அங்கே வந்து என்ன செய்வது என்று சொல்ல உங்களுக்கு வசதியாகிவிடும். அந்த வசதியை நான் செய்து தரமாட்டேன்.

சீட்டை உங்கள் கால் நீளத்துக்கே விட்டு வைத்திருக்கிறேன். எனக்குக் கிளட்ச் எட்டவில்லை, முதுகுக்குத் தலையணை வைத்து ஓட்டுகிறேன். நல்லபடியாக இருங்கள். வரும் தேதியை மட்டும் எழுதுங்கள்.

சாவியோடு,
உங்கள் மனைவி