நேத்து வந்த லோரி

ஏங்க,

நேர்ல கேட்க வாய் வரல, அதான் எழுதுறேன்.

பிள்ளைங்க கோலாலம்பூர் போனப்புறம் நேத்துதான் நாம ரெண்டு பேரும் தேயிலை மலை ரோட்டுல ஒண்ணா நடந்தோம். பின்னாடி லோரி விடாம ஹார்ன் அடிச்சுது. நான் ஓரமா ஒதுங்கிட்டேன். நீங்க நடுரோட்டுலயே பேசிக்கிட்டே போனீங்க. நான் சட்டையைப் பிடிச்சு இழுக்கலைன்னா...

"லோரி எப்ப வந்துச்சு?"ன்னு கேட்டீங்களே, அப்பத்தான் எனக்கு உயிரே போயிடுச்சு.

வீட்டுல கூப்பிட்டுப் பதில் வராதப்பல்லாம் என்மேல வெறுப்புன்னு அழுதிருக்கேன். காது கேக்கலன்னு ஏங்க மறைச்சீங்க? வேலை போயிடும்னு பயமா?

நாளைக்கே தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்குப் போலாம், நானும் வர்றேன். சாயங்காலம் மறுபடி நடப்போம். இனிமே உங்க கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வருவேன். லயத்து வீட்டுக்காரங்க எல்லாரும் பார்த்தாலும் பரவாயில்லை.

உங்க
வீட்டுக்காரி