லொக்கி

செவ்வாய்க்கிழமை

காலையில் டாலிகஞ்சுக்கு அப்பால் ஒரு மாட்டுப்பண்ணையில் தடுப்பூசி போட்டேன். பால் வாளி வந்ததும் கன்றுகள் முட்டிமோதின. ஒன்று மட்டும் மூலையில் படுத்தே கிடந்தது. "லொக்கி, டாக்டர் தீதி" என்றாள் பண்ணைக்கார அண்ணி, இங்கத்து வழக்கில் பௌதி. வங்காளியில் லொக்கி என்றால் லக்ஷ்மி. நம்மூரில் பாதி மாடுகளுக்கு அதுதானே பெயர். சிரித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

சாயங்காலம் கீழ்வீட்டம்மா, அழாமல் மருந்து குடித்த மகளை "லொக்கி மேயே", லொக்கிப் பெண்ணே, என்று கொஞ்சினாள். குழந்தையின் பெயரா என்று கேட்டேன். படுத்தாத பிள்ளையை அப்படித்தான் சொல்வார்களாம். நம் பாஷையில் சமர்த்து.

காலையில் மூலையில் கிடந்த கன்று நினைவுக்கு வந்தது; பௌதி சொன்னது அதன் பெயரை அல்ல. பால்குடிக் கன்று சமர்த்தாக இருந்தால் அது குணமில்லை, நோய். கழிச்சல் கண்ணில் படுவதற்கு முன்பே இந்த அமைதி வந்துவிடும். படித்தவள்தான் நான்.

உடனே ஆட்டோ பிடித்துப் போனேன். கன்றின் காது ஜில்லென்றிருந்தது. டிரிப் ஏற்றும்போதும் கன்று திமிறவில்லை. "பாருங்கள், எவ்வளவு லொக்கி" என்று பௌதி அதன் தலையைத் தடவினாள்.

தூக்கம் வரவில்லை. விடிந்ததும் போக வேண்டும். அது சமர்த்தாக மட்டும் இருக்கக் கூடாது. வாளியோடு சேர்த்து என்னையும் முட்டித் தள்ளட்டும்.