கொசு மேல் போட்ட பழி

பெரம்பலூர்,
புரட்டாசி மாதம்.

அன்பு மகள் முத்தமிழுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் நல்ல சுகம். வழக்கத்துக்காக எழுதுகிற சுகம் இல்லை இது, திருச்சி டாக்டர் பார்த்துச் சொன்ன சுகம், அதனால் தைரியமாக நம்பலாம். கௌஹாத்தியில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, பேங்கில் எல்லோரிடமும் அனுசரணையாக நடந்துகொண்டு, மழையில் நனையாமல் இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறோம். கையில் போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்ததுமே ‘வேலைய வுட்டுட்டீங்களாப்பா’ என்கிறாய். இல்லை என்றால் அழுகிறாய். அழுகிற பிள்ளையிடம் நியாயம் பேச எனக்கு வராது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதுதான் இதில் எனக்குச் சௌகரியம். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

அன்றைக்கு வீடியோ காலில் உன் அம்மா வேம்பு என் கையைக் காட்டியிருக்கக் கூடாது. புடவைக் கடைக்காரன் முந்தானையை விரித்துக் காட்டுவது மாதிரி திருப்பித் திருப்பிக் காட்டினாள். கொசு கடித்த இடம் உளுந்து வடை அளவுக்கு வீங்கிச் சிவந்து கிடந்தது உண்மைதான். அதைப் பார்த்த மறுநாளே நீ எங்கள் இரண்டு பேருக்கும் விமான டிக்கெட் போட்டுவிட்டாய், இந்த மாதக் கடைசியில் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு உன்னோடேயே வந்து இருந்துவிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டாய். வீடு வீடாகப் போய்த் தொட்டியிலும் டயரிலும் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்க்கிற நகராட்சி வேலைக்காரனுக்குக் கொசுவே ஆகாது என்றால் ஊர் சிரிக்கத்தான் செய்யும். டீக்கடையில் ‘ராசாங்கம் கொசுவக் கொல்றாரா, கொசு ராசாங்கத்தக் கொல்லுதா’ என்று ஒரே கேலி, நானும் சேர்ந்துதான் சிரித்தேன். ஆனால் எங்கள் மேற்பார்வையாளர் பாவாடை சிரிக்காமல் சொன்னது சுருக்கென்று தைத்தது. ‘அண்ணே, கையி இப்புடி வீங்குனா ஒங்கள நான் எப்புடிண்ணே தெருவுக்கு அனுப்புறது, நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது, டாக்டர்ட்ட கேட்டுட்டு வாங்க, அதுவரைக்கும் ஸ்டோர்லயே இருங்க’ என்றார். நல்ல மனுஷன், என் நல்லதுக்குத்தான் சொன்னார். என்றாலும் துறைமங்கலத் தெரு முழுக்க நடந்த காலைக் கட்டிப்போட்டு ஸ்டோர் ரூமில் பிளீச்சிங் பவுடர் மூட்டைகளுக்கு நடுவே உட்கார வைத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்.

வீக்கம் மட்டும் என்றால் பரவாயில்லை. காலையில் கண் விழித்ததும் தும்மல் பிடித்துக்கொண்டது, நின்றால்தானே. ஆளுக்கு ஒரு வைத்தியம். எதிர்வீட்டுப் பஞ்சவர்ணம் கண்ணேறு என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள், அந்த நெடியில் தும்மல் இன்னும் அதிகம் ஆயிற்று. டீக்கடைக்காரர் கொசு மருந்துதான் ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார். உன் அம்மாவோ, ‘எத்தன கொசு குடும்பத்தக் கெடுத்தீங்க, அதுங்க வயித்தெரிச்சல் சும்மா வுடுமா’ என்று ஒரே போடாகப் போட்டாள். போட்டதோடு நிற்காமல் யுத்தத்துக்கும் இறங்கிவிட்டாள். பொழுது சாயும் முன்பே ஜன்னல் எல்லாம் சாத்தியாயிற்று. பரண் மேல் மூட்டையாகக் கிடந்த பழைய கொசுவலையை எடுத்து ஒரு உதறு உதறிக் கட்டிலுக்கு மேலே கட்டினாள். எந்த இடுக்கிலும் கொசு புகக் கூடாதென்று கட்டிலைச் சுற்றிப் பழம்போர்வையாகத் திணித்து, எனக்குக் கழுத்துவரை கம்பளி வேறு. அதற்குள்ளே நான் படுத்திருந்தது ஊறுகாய்ப் பானையில் எலுமிச்சங்காய் கிடந்தது போலத்தான். கொசு ஒன்றுகூட உள்ளே வரவில்லை, தும்மல் மட்டும் இரண்டு பங்கு ஆயிற்று. உடனே வலைக்குள் ஒரு கொசு ஒளிந்திருக்கிறது என்று முடிவு கட்டி, கொசு அடிக்கிற மின் மட்டையை எடுத்துக்கொண்டு வலைக்குள்ளேயே வேட்டைக்கு வந்தாள். கொசு சிக்கவில்லை, என் காது சிக்கியது. இப்போது சொல்லச் சிரிப்பாக இருக்கிறது, அப்போது இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

இதற்கு நடுவில்தான் அரியலூரில் உன் சித்தி வீட்டு விசேஷம். சித்தி மகள் நந்தினியின் குழந்தைக்குக் காது குத்தினார்கள். குழந்தை அழவே இல்லை, நந்தினிதான் அழுதாள். உன்னை எல்லோரும் கேட்டார்கள், உனக்கென்று சித்தி முந்திரிப் பருப்பு கொடுத்தனுப்பியிருக்கிறாள், உன் அம்மா அதை என் கண்ணில் காட்டாமல் வைத்திருக்கிறாள். சித்தி வீட்டில் கூட்டம், கட்டில் எல்லாம் பெண்களுக்குப் போய்விட, ஆண்கள் கூடத்தில் வெறும் சிமெண்டுத் தரையில் பாய் விரித்துப் படுத்தோம். தலையணை கிடையாது, வேட்டியைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டேன். வலையும் இல்லை, கொசு கடித்துக் கை கால் எல்லாம் தடித்துவிட்டது. ஆனால் காலையில் ஒரு தும்மல் இல்லை. நான் சந்தோஷமாக அதை உன் அம்மாவிடம் சொன்னேன், புத்தி இருக்கிறவன் சொல்லியிருப்பானா. ‘என் வூட்டுலன்னா தும்மலு, என் தங்கச்சி வூட்டுலன்னா சொகமா’ என்று பஸ் பெரம்பலூர் வந்து சேரும்வரை அதே பாட்டு.

பிறகு ஆவணியில் திருச்சிக்குப் போய் அலர்ஜிக்கென்றே பார்க்கிற டாக்டர் லீலாவதியைப் பார்த்தோம். உன் வயதைவிட ஒரு பத்து வயது கூட இருக்கும், பேச்சில் பதற்றமே இல்லை. முதலில் அரிப்புக்குப் போட்டுக்கொண்டிருந்த மாத்திரையைச் சில நாள் நிறுத்திவிட்டு வரச் சொன்னார். மறுபடி போனபோது முழங்கைக்குக் கீழே பேனாவால் கோடு போட்டு, வரிசையாகச் சொட்டு மருந்து வைத்து, ஒவ்வொரு சொட்டின் மேலும் லேசாகக் குத்தினார். கொஞ்ச நேரம் கையை அசைக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும், அரிக்கும், சொறியக் கூடாது. எனக்குக் கல்யாண மேடையில்கூட அவ்வளவு பொறுமை இருந்ததில்லை. பார்த்தால், கொசுவுக்கென்று வைத்த இடம் தடித்திருந்தது. நான்தான் சொன்னேனே என்பது போல உன் அம்மா என்னைப் பார்த்தாள். ஆனால் அதற்குப் பக்கத்திலேயே ஒரு இடம் அதைவிடப் பெரிதாகத் தடித்து எழும்பியிருந்தது. அது என்ன என்று கேட்டால், தூசி உண்ணி என்றார். ஆட்டு உண்ணி தெரியும், மாட்டு உண்ணி தெரியும், தூசி உண்ணியை நான் கேள்விப்பட்டதே இல்லை. கண்ணுக்கே தெரியாதாம். மெத்தையிலும் தலையணையிலும் குடியிருந்துகொண்டு, நம் உடம்பிலிருந்து உதிர்கிற தோல் பொடியைத் தின்று பெருகுமாம். வாடகை கிடையாது, சாப்பாடும் நம்முடையது.

அதற்கும் கொசுவுக்கும் என்ன உறவு என்று கேட்டேன். உறவு இருக்கிறது என்றார். இரண்டின் உடம்பிலும் சில புரதங்கள் ஏறக்குறைய ஒரே சாடையாம், இறாலிலும் கரப்பானிலும்கூட அந்தச் சாடை உண்டாம். இறால் சாப்பிட்டால் வாய் அரிக்குமா என்று கேட்டார், இறாலை நான் ஓட்டல் போர்டில் பார்த்ததோடு சரி என்றேன், சிரித்துவிட்டார். ஒன்றைப் பகைத்துக்கொண்ட உடம்பு, சாடையைப் பார்த்து மற்றதன் மேலும் பாயுமாம். நம் தெருவில் அண்ணன் தம்பி இரண்டு பேர் உண்டே, கல்லால் அடித்தது தம்பி, நாய் அண்ணனையும் சேர்த்துத் துரத்துகிறதே, அப்படித்தான் என்று நான் புரிந்துகொண்டேன். எல்லோருக்கும் இப்படி ஆகாது, உங்கள் உடம்பில் எது முதலில் ஆரம்பித்தது என்று என்னாலும் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் கொசு எப்போதாவது கடிக்கிறது, உண்ணி மேல் தினமும் படுத்து எழுகிறீர்கள், அதை முதலில் கவனிப்போம் என்றார். அரியலூர்ப் பாய்க் கதையைச் சொன்னதும் அவருக்குச் சந்தேகமே போய்விட்டது. தலையணை எந்த வருஷத்தது என்று உன் அம்மாவைக் கேட்டார். உன் அம்மா உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு, ‘கல்யாணத்துக்கு எங்கம்மா வூட்டுல குடுத்ததுங்க’ என்றாள். டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். மூச்சுத் திணறல் இல்லை, வீக்கமும் கடித்த இடத்தோடு நிற்கிறது, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, கொசு அண்டாமல் கைக்குக் களிம்பு தடவிக்கொண்டு தாராளமாகத் தெருவுக்குப் போகலாம், வேலையை விட வேண்டியதில்லை, அந்தத் தலையணையைத்தான் விட வேண்டும் என்றார். மூச்சு இழுத்தாலோ முகம் வீங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும் என்றும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார், அதை உன்னிடம் மறைக்கவில்லை.

இனிமேல் சொல்லப்போவதற்கு நீ வருத்தப்படக் கூடாது. நீ முதல் சம்பளத்தில் வாங்கி அனுப்பிய மெத்தை இருக்கிறதே, அழுக்காகிவிடும் என்று உன் அம்மா அதன் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவே இல்லை. புரண்டு படுத்தால் சரசரவென்று சத்தம், நான் இரண்டு தடவை வழுக்கிக் கீழே விழுந்தேன். போன தீபாவளிக்கு வந்த நீ, ‘யாராச்சும் பிளாஸ்டிக்கோட படுப்பாங்களாம்மா’ என்று தலையில் அடித்துக்கொண்டு கத்தரியால் கிழித்துப் போட்டாய். இப்போது டாக்டர் என்ன சொல்கிறார் தெரியுமா. மெத்தைக்கும் தலையணைக்கும் இழை நெருக்கமான துணியில் ஜிப் வைத்த உறை போட்டு மூடிவிட வேண்டும், உண்ணி உள்ளே போகவும் கூடாது, உள்ளே இருப்பது வெளியே வரவும் கூடாது என்கிறார். பிளாஸ்டிக் உறை போட்டாலும் ஆகுமா என்று உன் அம்மா கேட்டாள். மேலே ஒரு துணியை விரித்துக்கொண்டால் ஆகும் என்றார். அவ்வளவுதான், உன் அம்மாவுக்குத் தலை கால் புரியவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடமெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். நீ கிழித்ததைக்கூட அவள் தூக்கிப் போடாமல் வடகம் காயவைக்க வைத்திருந்தாள், அதை எடுத்து வந்து என் எதிரே உதறிக் காட்டினாள். உன் மேல் ஒரு குற்றமும் இல்லை பாப்பா, நீ கிழிக்காவிட்டால் நான் மூன்றாவது தடவையும் விழுந்திருப்பேன்.

இப்போது மெத்தைக்கு உறை போட்டாயிற்று. கல்யாணத் தலையணை போயிற்று, உன் அம்மா அதற்கு ஒரு நாள் முழுக்கத் துக்கம் கொண்டாடினாள். விரிப்பெல்லாம் வாராவாரம் வெந்நீரில் துவைக்கிறோம், போர்வை மூட்டைகளையும் வலையையும் கட்டிலைவிட்டு அப்புறப்படுத்தியாயிற்று, டாக்டர் கொடுத்த ஸ்பிரேயை மூக்கில் அடித்துக்கொள்கிறேன். காலைத் தும்மல் பெரும்பாலும் நின்றுவிட்டது. கொசு கடித்தால் இன்னும் வீங்கத்தான் செய்கிறது, ஆனால் வடை இப்போது போண்டா கூட இல்லை, சீடை அளவு. இதற்கு மாதக்கணக்கில் ஆகும், ஒரேயடியாகப் போய்விடும் என்று சொல்ல மாட்டேன் என்றார் டாக்டர். பாவாடையிடம் டாக்டர் சொன்னதை எல்லாம் சொன்னேன். ‘வாங்கண்ணே, மழ வேற தொடங்கப்போவுது, நீங்க இல்லாம துறமங்கலத்துல யாரும் கதவே தொறக்க மாட்டேங்கிறாங்க’ என்றார். திங்கட்கிழமையிலிருந்து மறுபடியும் தெருவுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தண்ணீர்த் தட்டைக் கவிழ்த்துக் காட்டினால் படித்தவர்களும் படிக்காதவர்களும் ஒரே மாதிரி முகம் சுளிக்கிறார்கள். அந்த முகங்களைப் பார்க்காமல் ஸ்டோரில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அப்படி என்னப்பா இந்த வேலையில் இருக்கிறது என்று நீ அன்று கேட்டாய், அதற்கு இப்போது சொல்கிறேன். எட்டாவது படிக்கும்போது உனக்கு டெங்கு வந்து திருச்சி ஆஸ்பத்திரியில் கிடந்தாயே, அது உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. அப்போது நான் எறையூரில் ஆலைக்குக் கரும்பு லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒரு டன் கரும்பைச் சளைக்காமல் தூக்குகிறவன், உன் கட்டிலுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்துகொண்டே போகின்றன என்றார்கள். நீ என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, ‘நான் பொழச்சுக்குவேனாப்பா’ என்று கேட்டாய். எனக்கு வாய் வரவில்லை. நீ பிழைத்து வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆலை வேலையை விட்டுவிட்டு இந்த வேலையைக் கேட்டுப் போனேன். இன்றைக்கும் ஒரு வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளை நின்றால் அந்த வீட்டுத் தொட்டியை இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் வருவேன். உனக்காகப் பிடித்த வேலையை நீயே விடச் சொன்னதில் எனக்கு மனசு வலித்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில்தான் நீ சொன்னாய். அந்தப் பயம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், நான் அதை ஆஸ்பத்திரியில் பட்டிருக்கிறேன்.

ஆகவே அந்த டிக்கெட்டை ரத்து செய்துவிடு, அதில் பிடித்துக்கொள்கிற பணம் போகட்டும். மழைக்காலம் முழுக்க எனக்கு வேலை இருக்கிறது. தை பிறந்து கொசு அடங்கியதும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு நானும் உன் அம்மாவும் வருகிறோம், பத்து நாள் உன் கையால் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். வேலைக்குப் போகிற அப்பாவாகவே உன் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்பது என் ஆசை, அதற்குச் சரி என்று ஒரு வார்த்தை சொல்.

நோய் நொடி அண்டாமல், எடுத்த காரியம் எல்லாம் கைகூடி, நூறு வயது நீ நன்றாக இருக்க வேண்டும். நம் குலதெய்வம் உனக்குத் துணை இருக்கும். உன் அம்மாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள், முந்திரியை நானே கொண்டு வருவேன் என்றும் எழுதச் சொன்னாள். மறக்காமல் உன் தலையணை உறையை வெந்நீரில் துவை. நீ ஒண்டியாக இருக்கிற ஊர், காய்ச்சல் என்று லேசாகக் காய்ந்தாலும் தள்ளிப் போடாமல் ரத்தம் பார்த்துவிடு, பார்த்ததும் முதலில் எனக்குச் சொல். இந்தத் தடவை நீ கேட்டால் பதில் சொல்ல எனக்கு வாய் வரும், பாப்பா.

இப்படிக்கு,
உன் நினைவாகவே இருக்கும் அப்பா,
ராசாங்கம்